முப்பது மார்க், நாலரை மணி நேரம்: பீட்டில்ஸ் ஹாம்பர்க் போன கதை

1960 ஆகஸ்ட் நடுவில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹாரிச் துறைமுகத்தில் ஓர் ஆஸ்டின் வேனைக் கப்பலில் ஏற்ற வேண்டியிருந்தது. வேன் கொள்ளாத அளவுக்கு ஆட்கள். பெட்டிகள், கிடார்கள், ஆம்ப்ளிஃபயர்கள், புத்தம் புது டிரம் செட் ஒன்று. இப்படி மூட்டை கட்டிய வண்டியைத் தூக்க முடியாது என்று துறைமுகத் தொழிலாளர்கள் முரண்டு பிடித்தார்கள். பத்தொன்பது வயது ஜான் லெனன் போய்ப் பேசி அவர்களைச் சம்மதிக்க வைத்ததாகச் சொல்வார்கள். வேன் அந்தரத்தில் தொங்கிக் கப்பலுக்குள் இறங்கியது.

அதில் மொத்தம் பத்துப் பேர். பாடப் போனவர்கள் ஐந்து பேர்: லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டூவர்ட் சட்கிளிஃப், பீட் பெஸ்ட். மூத்தவர் சட்கிளிஃபுக்கு இருபது வயது, இளையவர் ஹாரிசனுக்குப் பதினேழு. மீதிப் பேர், அவர்களை அனுப்பிவைத்த ஏஜெண்ட் ஆலன் வில்லியம்ஸ், அவர் மனைவி பெரில், பெரிலின் சகோதரர் பாரி சாங், வில்லியம்ஸின் தொழில் கூட்டாளியான டிரினிடாட்காரர் ஒருவர், மொழிபெயர்ப்புக்கென்று லண்டனில் ஏற்றிக்கொண்ட ஒரு வெயிட்டர். பையன்கள் யாரிடமும் ஜெர்மனியில் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு கிடையாது. வழியில் யாராவது கேட்டால், மாணவர்கள், விடுமுறைக்குப் போகிறோம் என்று சொல்வதாக ஏற்பாடு. சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லி இறங்கி வேலைக்குப் போவது நமக்குக் கேட்டுப் பழகிய கதைதான்.

பீட்டில்ஸின் ஹாம்பர்க் நாட்களை ரசிகர்கள் ஒரு குருகுலவாசம்போலப் பேசுவார்கள். லிவர்பூலில் பிறந்தேன், ஹாம்பர்க்கில்தான் வளர்ந்தேன் என்று லெனனே சொல்லியிருப்பதால் அந்தப் பேச்சுக்கு வலு கூடிவிட்டது. எனக்கு அந்த முதல் பயணம் வேறு மாதிரித் தெரிகிறது. ஏஜெண்ட், கமிஷன், ஜன்னலில்லாத தங்குமிடம், இரவு ஷிஃப்ட், ஒப்பந்தத் தகராறு, போலீஸ், கடைசியில் நாடு கடத்தல். வெளிநாட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர்களின் வரலாற்றில் இருக்கும் எல்லாம் இதிலும் இருக்கிறது. அந்த வேலையின் நிபந்தனைகளைப் பார்த்தால்தான் அவர்கள் பாட்டு ஏன் மாறியது என்பதும் விளங்கும்.

முதலில், ஹாம்பர்க் எதற்கு லிவர்பூல் பையன்களைத் தேடியது?

இரண்டும் துறைமுக ஊர்கள். கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருப்பவை. இரண்டும் போரில் குண்டு வாங்கியவை: லிவர்பூலை 1941 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் தொடர்ந்து தாக்கின, ஹாம்பர்க்கை 1943 ஜூலையில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் எரித்தே விட்டன. 1960 வாக்கில் மேற்கு ஜெர்மனி பொருளாதாரத்தில் எழுந்து நின்றுவிட்டது, லிவர்பூல் இன்னும் தடுமாறிக்கொண்டிருந்தது. ஹாம்பர்க்கின் சாங்க்ட் பவுலி பகுதியில், ரேப்பர்பான் சாலையைச் சுற்றி, மாலுமிகளும் உள்ளூர்க்காரர்களும் காசைக் கரைக்கும் இரவுக் கேளிக்கை வட்டாரம் ஒன்று இருந்தது. அங்கே ராக் அண்ட் ரோல் கேட்க ஆள் இருந்தது, பாட ஆள் இல்லை. அமெரிக்கக் குழுக்களைக் கூட்டி வரக் கட்டுப்படியாகாது. இங்கிலாந்துப் பையன்கள் மலிவு, ஆங்கிலத்தில் பாடுவார்கள். ஜெர்மன் ரசிகருக்கு நியூயார்க் ஆங்கிலமும் லிவர்பூல் ஆங்கிலமும் ஒன்றுதான்.

இதைக் கண்டுகொண்டவர் புருனோ கோஷ்மீடர். கைசர்கெல்லர் என்ற கிளப்பின் முதலாளி. அவர் லண்டனின் சோஹோ பகுதிக்குப் போய்ப் பாடகர் டோனி ஷெரிடனையும் அவருடைய கூட்டாளிகளையும் முதலில் பிடித்து வந்தார். கொஞ்ச நாளிலேயே அவர்கள் போட்டிக் கிளப்புக்குத் தாவிவிட, மறுபடி ஆள் தேடிச் சோஹோ போனார்.

லிவர்பூலில் ஆலன் வில்லியம்ஸ் ஸ்லேட்டர் தெருவில் ஜகராண்டா என்ற காப்பிக் கடை நடத்திவந்தார். அதன் நிலவறையில் கரீபியன் ஸ்டீல் பேண்ட் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தக் குழு சொல்லாமல் கொள்ளாமல் ஹாம்பர்க் போய்விட்டது. போன இடத்திலிருந்து, இங்கே நல்ல காசு இருக்கிறது என்று செய்தி வந்தது. வில்லியம்ஸ் தன் டிரினிடாட் கூட்டாளியோடு நேரில் போய்ப் பார்த்தார். லிவர்பூல் குழுக்களின் பாட்டைப் பதிவுசெய்த டேப்பைக் கோஷ்மீடரிடம் போட்டுக் காட்டினால் வெறும் இரைச்சல்தான் கேட்டதாம். பேரம் அதோடு முறிந்தது. இது வில்லியம்ஸ் சொன்னது, அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர். பிறகு வேறொரு வேலை கைவிட்டுப் போன கோபத்தில் இருந்த டெரி அண்ட் தி சீனியர்ஸ் குழுவைச் சமாதானப்படுத்த, வில்லியம்ஸ் அவர்களை லண்டன் கூட்டிப்போய்ச் சோஹோ காப்பிக் கடை ஒன்றில் பாடவிட்டார். அதே கடையில், அதே நேரத்தில், ஆள் தேடி வந்த கோஷ்மீடர் உட்கார்ந்திருந்தார். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே ஆள் ஏற்றுமதி இப்படித்தான் தொடங்கியது.

டெரி குழு கைசர்கெல்லரில் நன்றாக ஓடியது. கோஷ்மீடர் தன் இன்னொரு கிளப்புக்கும் ஒரு குழு கேட்டார். வில்லியம்ஸ் முதலில் நினைத்தது பீட்டில்ஸை அல்ல. ரோரி ஸ்டார்ம் குழு கோடை முழுக்க விடுமுறை முகாம் ஒன்றில் பாட ஒத்துக்கொண்டிருந்தது. ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் மாட்டேன் என்றார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது இந்தப் பையன்கள். அவர்களிடம் நிலையான டிரம்மர்கூட இல்லை. காஸ்பா காப்பி கிளப் நடத்திய மோனா பெஸ்டின் மகன் பீட்டிடம் புது டிரம் செட் இருக்கிறது என்பது தெரிந்து அவரைக் கூப்பிட்டார்கள். தேர்வு என்ற பெயரில் கொஞ்சம் வாசிக்கச் சொல்லிச் சேர்த்துக்கொண்ட சில நாட்களிலேயே வேன் கிளம்பிவிட்டது. இவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சீனியர்ஸ் குழுவின் சாக்ஸஃபோன்காரர் ஹோவி கேசி, இந்த உருப்படாத குழுவை அனுப்பினால் எங்கள் பிழைப்பும் கெட்டுவிடும் என்கிற பாணியில் வில்லியம்ஸுக்குக் கடிதமே போட்டார். அன்றைய லிவர்பூலில் பீட்டில்ஸுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

வீடுகளில் அனுமதி வாங்குவது தனிப் பாடு. மெக்கார்ட்னியின் அப்பா ஜிம் பருத்தி விற்பனையாளர், மனைவியை இழந்தவர், மகன் படித்து வாத்தியாராக வேண்டும் என்று நினைத்தவர். வில்லியம்ஸ் வீட்டுக்கே வந்து பேசிய பிறகுதான் சம்மதித்தார். கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுப்பது அப்போதுதான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1939 அக்டோபருக்குப் பின் பிறந்தவர்களுக்கு அழைப்பு வராது என்று ஆகியிருந்தது, இந்த ஐவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஓரிரண்டு வருடம் முன்னால் பிறந்திருந்தால் ஜெர்மனிக்குச் சீருடையில் போயிருப்பார்கள்.

கப்பல் ஹாலந்தில் இறக்கிவிட்டது. வழியில் ஆர்னம் அருகே போர் நினைவிடத்தில் நின்றபோது பாரி சாங் எடுத்த புகைப்படம் ஒன்று பிரசித்தம். இவர்கள் பெயர் என்றென்றும் வாழும் என்ற வாசகம் பொறித்த கல்லின் முன்னால் ஏழு பேர். வாசகத்தைச் சுட்டிக்காட்டி எழுதாத ஆள் இல்லை. எனக்கு அந்தப் படத்தில் இல்லாதவர்மேல்தான் கண் போகிறது: லெனன். அவர் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அதே ஆர்னமில் கடையொன்றில் ஒரு மவுத் ஆர்கனைச் சுட்டுக்கொண்டு வந்தவரும் அவரே.

படத்தில் இருக்கும் இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த டிரினிடாட்காரர் பெயர் ஹரால்ட் ஃபிலிப்ஸ். லிவர்பூலில் லார்ட் வுட்பைன் என்றால்தான் தெரியும். வுட்பைன் ஒரு மலிவு சிகரெட்டின் பெயர். கலிப்ஸோ பாடகர். 1948இல் கரீபியனிலிருந்து குடியேறிகளை ஏற்றி வந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் இங்கிலாந்து வந்து இறங்கியவர். பீட்டில்ஸ் ஹாம்பர்க் போனதற்குப் பின்னால் இருந்த கறுப்பினத்தவர்களை, இந்த மனிதரையும் அந்த ஸ்டீல் பேண்டையும், பீட்டில்ஸ் வரலாறு எழுதியவர்கள் ரொம்ப நாள் ஓரத்தில்தான் வைத்திருந்தார்கள். வழி கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

ஆகஸ்ட் 17 அன்று ஹாம்பர்க். கோஷ்மீடரோடு போட்ட ஒப்பந்தம் அன்றிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 ஜெர்மன் மார்க். அன்றைய மாற்று விகிதத்தில் இரண்டரை பவுண்டுச் சொச்சம். வாரம் ஏழு நாளும் வேலை என்பதால் வாரத்துக்குப் பதினெட்டு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இங்கிலாந்தில் கடையில் எடுபிடியாக இருந்த பையனுக்கு இது கனவுச் சம்பளம். ஆனால் வேலை நேரத்தைப் பாருங்கள். சாதாரண நாட்களில் நாலரை மணி நேரம்: எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம், அரை மணி ஓய்வு, ஒரு மணி நேரம், அரை மணி ஓய்வு, மறுபடி, மறுபடி, இரவு இரண்டு மணி வரை. சனிக்கிழமை ஏழு மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்று வரை, பாட்டு மட்டும் ஆறு மணி நேரம். ஞாயிறும் ஆறு, ஆனால் மாலை ஐந்துக்கே மேடை ஏற வேண்டும். வாரத்துக்கு முப்பத்து நாலரை மணி நேரம் மேடையில்.

லிவர்பூலில் அவர்கள் ஒரு நிகழ்ச்சியில் பாடியது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். நன்றாக வரும் பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் பாடிவிட்டு இறங்கிவிடலாம்.

பாட வேண்டிய கிளப் க்ரோஸ ஃப்ரைஹைட் தெருவில், 64ஆம் எண். பெயர் இந்திரா. நம்ம இந்திரனேதான். வாசலில் யானை படம் போட்ட பலகை. ஐராவதத்தையும் விடவில்லை. அதுவரை உரிப்பு நடனம் நடந்த சிறிய இடம், தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் திரைச்சீலை. எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் துணி உறிஞ்சிக்கொள்ளும். முதல் நாள் வந்தவர்கள் சொற்பம். க்ரோஸ ஃப்ரைஹைட் என்றால் பெரும் சுதந்திரம் என்று பொருள். கேளிக்கைச் சுதந்திரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆல்டோனா ஹாம்பர்க்கிலிருந்து தனி ஊராக இருந்தபோது, கத்தோலிக்கர்கள் போன்ற சிறுபான்மையினர் தங்கள் வழிபாட்டையும் தொழிலையும் தடையின்றி நடத்திக்கொள்ள அங்கே இடம் கொடுத்தார்கள். தெருப் பெயர் அதிலிருந்து வந்தது. அந்தக் கத்தோலிக்கத் தேவாலயம் இன்றும் அதே தெருவில், கிளப்புகளுக்கு நடுவே நிற்கிறது.

தங்க இடம், சற்றுத் தள்ளி, பவுல் ரோசன் தெருவில் கோஷ்மீடருக்குச் சொந்தமான பாம்பி கினோ என்ற பழைய சினிமாக் கொட்டகை. திரைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைகள். ஜன்னல் கிடையாது, சூடேற்றும் வசதி கிடையாது, வெளிச்சமும் பெயருக்குத்தான். பக்கத்தில் ரசிகர்களுக்கான கழிப்பறை. முகம் கழுவ, சவரம் செய்ய எல்லாவற்றுக்கும் அங்கிருந்த பச்சைத் தண்ணீர். விடியற்காலையில் வந்து படுத்தால் பகல் காட்சியின் வசனம் எழுப்பிவிடும். நவம்பரில் ஹாம்பர்க் குளிர் எப்படி இருக்கும் என்பதை இதோடு சேர்த்து யோசித்துக்கொள்ள வேண்டும்.

இனி மேடை. கூட்டம் வந்து உட்கார்ந்து பீர் வாங்கினால்தான் கோஷ்மீடருக்கு வருமானம். பையன்கள் பொம்மை மாதிரி நின்று வாசிப்பதைப் பார்த்து அவர் கத்தியது வரலாற்றில் ஏறிவிட்டது: "மாக் ஷவ்!" ஏதாவது செய்து காட்டுங்கள் என்று அர்த்தம். பார்ப்பவர்களுக்குப் பாட்டின் சொல் புரியாது. அப்படியானால் காலும் கையும் கத்தலும்தான் பேச வேண்டும். லெனன் நொண்டுவார், தரையில் விழுவார், மைக்கில் ஜெர்மானியர்களை நாஜிகள் என்று திட்டுவார். பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேர் சிரிப்பார்கள். டிரம்மர் பீட் பெஸ்டுக்கு வேலை எளிமையாகிவிட்டது. கனத்த பெரிய டிரம்மைக் காலால் விடாமல் இடித்துக்கொண்டே இருப்பது. அந்தத் தாளம் கம்பளத்தையும் தாண்டித் தெருவுக்குக் கேட்டது.

நாலரை மணி நேரத்தை நிரப்பும் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்று இரண்டரை நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு இருபதுக்கு மேல் வேண்டும், ஓர் இரவுக்கு நூறு. அவ்வளவு பாட்டு யாரிடமும் இல்லை. இரண்டு வழி. ஒன்று, ஒரே பாட்டை இழுப்பது. ரே சார்ல்ஸின் பாட்டு ஒன்றைக் கேள்வி பதில்போலக் கூட்டத்தோடு சேர்ந்து பாடி, பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டுவார்கள். இரண்டு, கைக்குக் கிடைத்ததை எல்லாம் பாடுவது: சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், கார்ல் பெர்கின்ஸ், இசைத்தட்டின் பின்பக்கத்தில் யாரும் சீண்டாத பாட்டுகள், நாடகப் பாட்டுகள், அப்பா காலத்துப் பழைய மெட்டுகள். பின்னாளில் அவர்களுடைய இசைத்தட்டுகளில் ஒரு பாட்டு ராக், அடுத்தது மெல்லிசை, அதற்கடுத்தது மேடைக் கூத்துப் பாட்டு என்று கலந்து வருவதை மேதைமை என்கிறார்கள். இருக்கலாம். மணிக்கணக்கை ஒப்பேற்றிய பழக்கமும் அதில் இருக்கிறது.

தொண்டையும் ஒரு காரணம். அன்றைய குழுக்கள் பெரும்பாலும் ஒரு நாயகப் பாடகர், பின்னால் வாத்தியக்காரர்கள் என்ற அமைப்பில் இருந்தன. பெயர்களிலேயே அது தெரியும்: ரோரி ஸ்டார்ம் அண்ட் தி ஹரிகேன்ஸ், டெரி அண்ட் தி சீனியர்ஸ். வாரம் ஏழு நாள், இரவு இரண்டு மணி வரை ஒரே ஆள் பாடினால் குரல் தாங்காது. பீட்டில்ஸில் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் பாடுவார்கள். ஒருவர் பாடும்போது மற்றவர் ஒத்துப் பாடலாம், ஓய்வெடுக்கலாம், சாப்பிடலாம். மேடையிலேயே சாப்பிட்டும் இருக்கிறார்கள். மூன்று குரல் சேர்ந்து ஒலிக்கும் அந்த இசைவு இப்படி இரவு ஷிஃப்டில் உரம் ஏறியது.

உடம்பு தாங்குவதற்கு வேறு வழியும் வந்தது. பிரெலுடின் என்று ஒரு மாத்திரை. உடல் மெலிவதற்காகத் தயாரித்தது, பசியை அடக்கும், தூக்கத்தையும் விரட்டும். மருத்துவர் சீட்டு வேண்டிய சரக்கு, கிளப்புகளில் சீட்டில்லாமலே கைமாறியது. அதோடு ரசிகர்கள் மேடைக்கு அனுப்பும் பீர். இதை ராக் வாழ்க்கையின் ஜொலிப்பாக எழுதுகிறவர்கள் உண்டு. ராத்திரி லாரி ஓட்டுகிறவர்கள் எதற்காக எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறார்களோ, அதே காரணம்தான் இங்கேயும்.

அக்டோபர் தொடக்கத்தில் இந்திரா மூடிற்று. மேல் மாடியில் குடியிருந்த முதிய பெண்மணி சத்தம் தாங்காமல் கொடுத்த புகார் ஒரு காரணம். நாற்பத்தெட்டு இரவுகளுக்குப் பிறகு பீட்டில்ஸைக் கைசர்கெல்லருக்கு மாற்றினார் கோஷ்மீடர். பெரிய இடம், முரட்டுக் கூட்டம். மாலுமிகள், அடியாட்கள், கையில் தடியோடு வெயிட்டர்கள். அங்கே மேடையைப் பங்கு போட்டுக்கொண்டது ரோரி ஸ்டார்ம் குழு, கோடை வேலை முடிந்து வந்திருந்தது. அதன் டிரம்மர் ரிங்கோ ஸ்டார், பின்னாளில் பீட் பெஸ்டின் இடத்துக்கு வந்தவர். உளுத்துப்போன மேடைப் பலகையை யார் முதலில் உடைப்பது என்று இரண்டு குழுக்களும் பந்தயம் கட்டி ஆடின. ரோரி ஸ்டார்ம் குதித்து உடைத்தார், கோஷ்மீடர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அக்டோபர் 15 அன்று ரயில் நிலையம் எதிரே இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் ரோரி குழுவின் லூ வால்டர்ஸ் ஒரு பாட்டுப் பதிவுசெய்யப் போனார். வாசிக்கக் கூடப் போனவர்கள் லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், ரிங்கோ. உலகம் அறியப்போகும் அந்த நால்வரும் சேர்ந்து முதன்முதலாகப் பதிவுசெய்தது அன்றுதான். பீட் பெஸ்ட் அங்கே இல்லை.

கைசர்கெல்லருக்கு ஒருநாள் வழிதவறி வந்ததுபோல வந்தவர் கிளவுஸ் ஃபோர்மன், ஓவியம் படித்த இளைஞர். மறுபடி வரும்போது தோழி ஆஸ்ட்ரிட் கிர்ஷ்ஹெரையும் யூர்கன் ஃபோல்மரையும் கூட்டி வந்தார். கறுப்பு உடை, பிரெஞ்சுத் தத்துவம், கறுப்பு வெள்ளைப் புகைப்படம் என்று திரிந்த நடுத்தர வர்க்கப் பிள்ளைகள். சாங்க்ட் பவுலிப் பக்கம் வரவே பயப்படுகிறவர்கள். ஆஸ்ட்ரிட் அந்த ஐவரையும் பகலில் பொருட்காட்சித் திடலுக்குக் கூட்டிப்போய், ராட்டினங்களின் இரும்புச் சாமான்களுக்கு நடுவே நிற்கவைத்துப் படம் எடுத்தார். தூக்கமில்லாத கண்களும் எண்ணெய்த் தலையுமாக இருக்கும் அந்தப் படங்களில் அவர்கள் முதன்முறையாகத் தங்களை யாரோ பொருட்படுத்திப் பார்ப்பதைப் பார்க்கிறார்கள். ஆஸ்ட்ரிட்டுக்கும் சட்கிளிஃபுக்கும் காதல் உண்டாயிற்று. பிரபலமான அந்தத் தலைமுடியை ஹாம்பர்க்கில் ஆஸ்ட்ரிட்தான் எல்லோருக்கும் வெட்டினார் என்ற பேச்சு பாதிதான் சரி. லெனனும் மெக்கார்ட்னியும் வெட்டிக்கொண்டது அடுத்த வருடம் பாரிஸில், ஃபோல்மர் கையால்.

முடிவு வேகமாக வந்தது. ரேப்பர்பானில் பீட்டர் எக்ஹார்ன் நடத்திய டாப் டென் கிளப்பில் காசும் கூடுதல், தங்குமிடமும் மேல். பையன்கள் அங்கே போய் டோனி ஷெரிடனோடு மேடை ஏற ஆரம்பித்தார்கள். வேறு கிளப்பில் பாடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நவம்பர் 1 தேதியிட்டு கோஷ்மீடர் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார். அதில் அவர் சொன்ன காரணம், ஜார்ஜ் ஹாரிசனுக்குப் பதினேழு வயதுதான் என்று அதிகாரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது. ஜெர்மன் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கிளப்பில் இருக்கக் கூடாது. பத்து மணிக்குப் போலீஸ் வந்து அடையாள அட்டை பார்ப்பது அந்த வட்டாரத்தில் வழக்கம். அவ்வளவு நாளும் பார்வையாளர்களைச் சோதித்தவர்கள் மேடையைப் பார்க்கவில்லை. நவம்பர் 21 அன்று ஹாரிசன் தனியாக ரயில் ஏற்றப்பட்டார்.

அடுத்தது மெக்கார்ட்னியும் பெஸ்டும். பாம்பி கினோவிலிருந்து சாமான்களை எடுக்கும்போது, இருட்டில் வெளிச்சத்துக்காக ஓர் ஆணுறையைச் சுவரில் மாட்டிக் கொளுத்தினார்கள். சுவரில் கொஞ்சம் கரி படிந்தது. தீ வைக்க முயன்றதாகக் கோஷ்மீடர் புகார் கொடுத்தார். ஓர் இரவு காவல் நிலையம், பிறகு டிசம்பர் 1 அன்று லண்டனுக்கு விமானம். ஆம்ப்ளிஃபயரும் டிரம்ஸும் ஹாம்பர்க்கிலேயே நின்றன. சில நாளில் லெனனும் ரயிலேறினார். சட்கிளிஃப் ஆஸ்ட்ரிட் வீட்டில் தங்கிவிட்டார். ஊர் திரும்பியவர்கள் உடனே ஒருவரையொருவர் தேடிப் போகவில்லை. குழு இருக்கிறதா கலைந்துவிட்டதா என்றே சில நாள் அவர்களுக்குத் தெரியாது.

டிசம்பர் 27 அன்று லிவர்பூல் அருகே லிதர்லாந்து நகர மண்டபத்தில் பாடினார்கள். நேராக ஹாம்பர்க்கிலிருந்து வருகிறார்கள் என்று விளம்பரம். கூட்டம் இவர்களை ஜெர்மானியர்கள் என்றே நினைத்தது, ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறீர்களே என்று பாராட்டியவர்களும் உண்டு. திரை விலகியதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடைப் பக்கம் நெருக்கியடித்து வந்தார்கள். நாலு மாதம் முன்னால் இதே வட்டாரம் சீண்டாத குழு.

பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதிலும் கரைகாணலாம் என்ற கணக்குக்கு இந்த நாலு மாதத்தை உதாரணம் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கணக்கே உதைக்கிறது. இந்திராவின் ஏழு வாரத்துக்குச் சுமார் 240 மணி நேரம். முதல் பயணம் முழுவதற்கும் ஐந்நூறை ஒட்டி வரும். பிறகு 1962 வரை போன நாலு பயணங்களைச் சேர்த்தாலும் பத்தாயிரம் எட்டாத தூரத்தில்தான் நிற்கும். அதைவிட முக்கியம், இதே நேரத்தை இதே தெருவில் போட்டவர்கள் வேறு பலர். டெரி குழு முன்னாலேயே வந்தது, நல்ல கிளப்பில் பாடியது, ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் கலைந்தது. ரோரி ஸ்டார்ம் குழுவும் அதே பலகையில்தான் ஆடியது. மணிகளை எண்ணினால் இந்த வித்தியாசம் பிடிபடாது. பீட்டில்ஸில் மூன்று பாடகர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத போட்டி, கேட்கிற எந்தப் பாட்டையும் தங்களுடையதாக்கிக்கொள்ளும் பேராசை ஏற்கெனவே இருந்தது. அந்த வேலை நிபந்தனை இதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டது.

நாடு கடத்தப்பட்டவர்கள் திரும்பப் போவதற்கும் காகித வேலை வேண்டியிருந்தது. மெக்கார்ட்னி ஜெர்மன் அதிகாரிகளுக்கு விளக்கக் கடிதம் எழுதினார். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிய செலவு 158 மார்க்கை எக்ஹார்ன் கட்டினார். ஹாரிசனுக்கு 1961 பிப்ரவரியில் பதினெட்டு முடிந்தது. ஏப்ரலில் டாப் டென்னில் மூன்று மாத வேலை, ஆளுக்கு 35 மார்க். இந்தத் தடவை ஏற்பாடு நாங்களே செய்தது என்று வில்லியம்ஸுக்குக் கமிஷன் கொடுக்க மறுத்தார்கள். ஏஜெண்டைக் கழற்றிவிடுவதும் இந்தக் கதையில் வரவேண்டிய கட்டம்தானே.

அந்தப் பயணத்தில் சட்கிளிஃப் ஓவியத்துக்கே திரும்ப, பேஸ் கிடார் மெக்கார்ட்னி கைக்கு வந்தது. அவர் இடது கைக்காரர். ஹாம்பர்க் கடையொன்றில் வயலின் வடிவத்தில் ஒரு ஹோஃப்னர் பேஸ் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது, விலையும் குறைவு. பிறகு உலகமே அவரை அந்தக் கிடாரோடுதான் பார்த்தது. ஜூன் மாதம் டோனி ஷெரிடனுக்குப் பின்னால் வாசித்துப் பதிவுசெய்த மை பானி என்ற பாட்டின் இசைத்தட்டை லிவர்பூலில் தேடிக் கேட்டு வந்தவர்களால்தான், கடை நடத்திய, பின்னாளில் அவர்களுடைய மேலாளரான பிரையன் எப்ஸ்டைன் காதில் இந்தக் குழுவின் பெயர் விழுந்தது என்பார்கள். 1962 ஏப்ரலில் ஸ்டார் கிளப்பில் பாட அவர்கள் வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் ஆஸ்ட்ரிட் தனியாக நின்றிருந்தார். சட்கிளிஃப் முந்தின நாள்தான் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்திருந்தார். இருபத்தோரு வயது.

1966 ஜூன் 26. பீட்டில்ஸ் மறுபடி ஹாம்பர்க் வந்தார்கள், தனி ரயிலில், போலீஸ் காவலோடு. எர்ன்ஸ்ட் மெர்க் அரங்கில் ஒரே நாளில் இரண்டு காட்சி. ஒவ்வொன்றிலும் பதினொரு பாட்டு. கூட்டத்தின் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஏறியதிலிருந்து இறங்கும்வரை அரை மணி நேரம். இந்திராவில் எட்டு மணிக்குத் தொடங்கும் முதல் செட்டில் அது மூன்றில் ஒரு பங்கு.